வில்லும் நாணும்

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு சிறு சங்கடம் உண்டு. பிள்ளையின் கணக்குப் புத்தகம் இந்தியில் இருந்தால் 'பலன்' என்கிறது. வங்காளியில் இருந்தால் 'அபேக்ஷக்' என்கிறது. தமிழ்வழியில் பயின்ற தந்தையோ அதனைச் 'சார்பு' என்று அறிந்தவர். மூன்றும் ஒரே பொருளைக் குறிப்பனவே. இந்திச் சொல்லில் காய்த்தல், பயன் தருதல் என்னும் கருத்து நிற்கிறது. ஒன்றை எதிர்நோக்கி நிற்பது என்னும் வங்கச் சொல்லும், ஒன்றைச் சார்ந்து நிற்பது என்னும் தமிழ்ச் சொல்லும் பொருளுக்கு இன்னும் அண்மையில் நிற்பதாக, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குத் தோன்றுகிறது.

சொந்த ஊருக்கு அனுப்பும் பொதியை அஞ்சலகத்தில் நிறுக்கிறார்கள். எடையைச் சார்ந்து கட்டணம் அமைகிறது. ஓர் எடைக்குக் கட்டணம் ஒன்றுதான். இரண்டு இருத்தல் ஆகாது. ஆனால் சற்றே வேறுபட்ட பல எடைகளுக்கு ஒரே கட்டணம் இருக்கலாம். ஆகவே எடையைக் கொண்டு கட்டணத்தைச் சொல்லலாமேயன்றி, கட்டணத்தைக் கொண்டு எடையைத் திட்டமாகச் சொல்ல இயலாது. சார்பு என்பதன் இலக்கணம் இவ்வளவே.

இவ்விலக்கணத்துக்குப் பெயர் வருமுன்னரே பொருள் இருந்தது. கலியுகக் கணக்கில் தாம் குறிப்பிடும் ஓர் ஆண்டில் தமக்கு 23 வயது நிறைந்ததென ஆரியபட்டர் எழுதியுள்ளார். அது கி.பி. 499. வட்டத்தின் சுற்றைப் பாகைக்கு 60 கலையாக 21,600 கலைகளாகப் பகுத்தால், ஆரம் ஏறத்தாழ 3,438 கலையாகும். வட்டத்தின் ஒரு துண்டு வில்; அதன் இரு முனைகளையும் இணைப்பது நாண். வில்லின் நடுவிலிருந்து ஒரு முனைவரை உள்ள பகுதிக்கு நாணில் பாதி உரியது. இந்த அரைநாணைத்தான் வானநூலார் வேண்டினர். ஆரியபட்டர் கால்வட்டத்தை 24 கூறாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் அரைநாண் எவ்வளவு கூடுகிறது என்பதை, எண்களை எழுத்தாக்கி, ஒரே செய்யுளில் அடக்கினார். 225, 224, 222, 219 எனத் தொடங்கி 22, 7 என அது முடிகிறது.

பென்சிலை எடுத்து முதல் எட்டு எண்களையும் கூட்டிப் பார்க்க விரும்புவோர்க்கு, நான்கிற்குப் பின்வருவன 215, 210, 205, 199. கூட்டினால் 1,719. எட்டுக் கூறு என்பது 30 பாகை. 1,719 என்பது ஆரத்தில் சரிபாதி! வில்லை இருமடங்காக்கி 60 பாகைக்குச் சென்றால் அரைநாண் இருமடங்கு ஆவதில்லை. 2,978 கலையே வருகிறது. விலைக்கணக்கைப் போல இரண்டும் ஒரே விகிதத்தில் வளரும் சார்பு அன்று இது. 90 பாகைவரை ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் ஏற்றம் தளர்கிறது. அதுவரை ஒவ்வொரு வில்லுக்கும் தனித்தனி அரைநாண். இதனை ஒன்றுக்கு ஒன்று என்பர். 90ஐக் கடந்ததும் இறங்கத் தொடங்குவதால், 150 பாகைக்கும் அதே 1,719 வருகிறது. முழுச்சுற்று முடிந்தபின் எல்லாம் மீண்டும் முதலிலிருந்து நிகழும்.

அட்டவணை இருந்தது, சூத்திரம்? அதனை 14, 15ஆம் நூற்றாண்டுகளில் கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராம மாதவர் கண்டார் என்று அவர் வழிவந்தோர் கூறுகின்றனர். வில்லின் அடுக்குகளைக் கொண்ட முடிவிலாத் தொடர் ஒன்றால் அரைநாணைப் பெறும் அம்முறை, 16ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுந்த 'யுக்திபாஷா'வில் விளக்கம் பெற்றுள்ளது.

பெயர் ஐரோப்பாவில் பிறந்தது. லைப்னிட்ஸ் 1673இல் வளைகோட்டைச் சார்ந்த சில கோடுகளுக்கு அதை வழங்கினார். 1748இல் ஆய்லர், சார்பாவது ஒரு கோவை, அதாவது மாறியும் மாறிலிகளும் கொண்டு எழுதப்படும் சூத்திரம் என்றார். ஆனால் இழுத்துக் கட்டிய தந்தி அதிரும் விதம் பற்றி 1747இல் தலாம்பேர் எழுதியதிலிருந்து வழக்கு மூண்டது. தந்தியின் தொடக்க வடிவம் ஒரே சூத்திரத்துக்கு உட்பட்டதாக வேண்டும் என்றார் தலாம்பேர். கையால் இழுத்த எவ்வடிவமும் ஆகலாம் என்றார் ஆய்லர். நம் மனம் ஆய்லர் பக்கமே சாய்கிறது. வீணையை மீட்டும் விரல் சூத்திரம் கேட்பதில்லையே! 1837இல் டிரிக்லே, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு மதிப்பு உரியதாயின் போதும், சூத்திரம் வேண்டுவதில்லை என்று வகுத்தார். அந்த வரையறையின்படி அஞ்சல் கட்டணமும் சார்பு. ஆரியபட்டரின் 24 எண்களும் சார்பு. இதனால் சார்பு என்னும் பொதுக்கருத்தையே ஆரியபட்டர் கண்டார் என்று மார்தட்டுதல் முறையன்று. அவர் வேண்டியது கோள்களின் இடமேயன்றி, சார்பின் இலக்கணமன்று.

அரைநாணின் பெயரும் அலைந்தது. வடமொழியில் நாணைக் குறிக்கும் ஜ்யா, ஜீவா என்னும் சொற்கள் அரபியில் 'ஜீபா' ஆயின. உயிர்க்குறி இன்றி எழுதப்பட்ட அதனை 12ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர் 'ஜைப்' என்று படித்து, மடிப்பு எனப் பொருள் கொண்டு, லத்தீனில் 'சைனஸ்' ஆக்கினர். நம் தொழிலில் இது நேரக்கூடியதே. இன்று தமிழ்ப் பாடநூலின் வடிவியல் இயலில் வில்லும் நாணும் அப்படியே உள்ளன. முக்கோணவியல் இயலிலோ அந்த நாணே 'சைன்' என்னும் அயற்பெயரோடு வந்து அமர்ந்திருக்கிறது.