துருநோயும் கோதுமையும்: ஒற்றைப் பரம்பரையலகை நம்பியதன் வரலாறு

1998 ஆம் ஆண்டு, உகண்டாவின் தென்மேற்கு மலைப்பகுதியிலுள்ள கலென்ஜியரே ஆய்வு நிலையத்தில் வளர்ந்துகொண்டிருந்த கோதுமைச் செடிகளின் தண்டுகளில் செங்கபில நிறக் கொப்புளங்கள் வெடித்திருந்ததை வில்லியம் வகோயிரே என்ற உகண்டா விஞ்ஞானி அவதானித்தார். தண்டுத் துருநோய் கோதுமை பயிரிடுவோருக்குப் புதியதல்ல. ஆனால், அன்று நோயுற்றுக் கிடந்த செடிகளுள் சில, அந்நோய் அண்டவே மாட்டாது என்று இரு தசாப்தங்களுக்கும் மேலாக உலகம் நம்பியிருந்த இனங்களைச் சேர்ந்தவை. மாதிரிகள் தென்னாபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. அங்கு 1999 இல் ஸக் பிரிட்டோரியஸும் அவரது சகாக்களும் நடத்திய பரிசோதனைகள், எஸ்.ஆர். 31 என்ற பரம்பரையலகின் காவலை உடைத்துவிட்ட புதியதொரு பங்கசு வகை தோன்றியிருப்பதை உறுதி செய்தன. நாட்டின் பெயரையும் ஆண்டையும் இணைத்து அதற்கு 'யூஜி 99' என்று பெயரிடப்பட்டது.

இங்கே ஒரு சிறு விளக்கம். இலங்கைப் பாடநூல்களில் நாம் 'பரம்பரையலகு' என்று படித்ததைத் தமிழக வாசகர்கள் 'மரபணு' என்பர். நாம் 'நிறமூர்த்தம்' என்பதை அவர்கள் 'குரோமோசோம்' என்றே எழுதுகின்றனர். பழகிய சொற்களையே நான் இக்கட்டுரையில் கையாளுகிறேன்.

இலங்கையில் கோதுமை பயிராவதில்லை. ஆயினும், பாணின் விலையில் ஏறும் ஒவ்வொரு ரூபாவும் இங்கு அரசியலாகிவிடுவதை நாமறிவோம். கப்பலில் வந்திறங்கும் கோதுமையை நம்பி வாழும் நாட்டவர்க்கு, அது விளையும் வயல்களில் நிகழ்வது வேற்றுநாட்டுச் செய்தியாக இருக்க முடியாது.

தண்டுத் துருநோயின் கொடுமை அதன் வேகத்திலேயே உள்ளது. பசுமையாய்ச் செழித்து நிற்கும் வயல், அறுவடைக்கு மூன்று வாரங்களே இருக்கையில் நோய்வாய்ப்பட்டால், முறிந்த தண்டுகளும் சூம்பிய மணிகளுமே மிஞ்சும். ஒவ்வொரு கொப்புளத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான வித்திகள் கிளம்பிக் காற்றில் நெடுந்தூரம் செல்கின்றன. பண்டைய ரோமர் ஆண்டுதோறும் ஏப்ரல் 25 ஆம் திகதி துருநோய்த் தெய்வத்துக்கு விழா எடுத்து நாயைப் பலியிட்டனர். 1916 இல் வட அமெரிக்காவின் கோதுமைச் சமவெளிகளை இந்நோய் சூறையாடியபோது விஞ்ஞானிகளிடமும் பெரிதாக மருந்தேதும் இருக்கவில்லை. நோய்ப் பங்கசு தன் வாழ்க்கை வட்டத்தின் ஒரு பகுதியைக் கழிக்கும் பார்பெரி என்ற முட்புதரை நாடெங்கும் வேரோடு பிடுங்கும் இயக்கம் ஒன்றையே 1918 இல் அமெரிக்க அரசு தொடக்கியது.

இலங்கையருக்குத் துருநோய் என்றதும் நினைவுக்கு வரவேண்டியது கோப்பி. 1869 இல் இங்கு கண்டறியப்பட்ட கோப்பி இலைத் துருநோய், ஏறத்தாழ இரு தசாப்தங்களில் ஒரு பெருந்தொழிலையே அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. மலையகத் தமிழரின் வரலாறும் அந்தத் திருப்பத்தோடு பிணைந்ததே. அந்நோயை ஆராய 1880 இல் இங்கு அனுப்பப்பட்ட ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், தோட்டத்துரைமார் எதிர்பார்த்த மருந்து எதனையும் கண்டுபிடிக்கவில்லை. மாறாக, மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே பங்கசுக்கு விருந்தாயிற்று என்று கூறினார். கேட்க விரும்பாதவர்களுக்குச் சொல்லப்பட்ட உண்மை அது. வார்ட் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியரானார்.

கோதுமையின் நோயெதிர்ப்பு பற்றிய நவீன வரலாறு தொடங்குவதும் அதே கேம்பிரிட்ஜில்தான். மெண்டலின் விதிகள் மறதியிலிருந்து மீண்டு ஐந்தே ஆண்டுகளான 1905 இல், ரொலண்ட் பிஃபென் என்பவர் மஞ்சள் துருநோயை எதிர்க்கும் கோதுமையையும் எளிதில் நோய்ப்படும் கோதுமையையும் கலந்து, அந்த எதிர்ப்பாற்றல் மெண்டலின் விகிதப்படியே சந்ததிகளுக்குச் செல்வதை நிறுவினார். நோயெதிர்ப்பு என்பது மண்ணின் வளமோ தெய்வத்தின் அருளோ அன்று. பெற்றோரிடமிருந்து எண்ணிக் கணக்கிட்டுப் பெறத்தக்க சொத்து என்பது அன்று உறுதியாயிற்று.

ஆனால் பங்கசும் சும்மா இருக்கவில்லை. மினெசோட்டாவில் எல்வின் ஸ்டாக்மன், தண்டுத் துருவில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல வகைகள் இருப்பதையும், ஒரு வகைக்கு அசையாத கோதுமை இன்னொன்றுக்கு இரையாவதையும் காட்டினார். 1940களில் வட டகோட்டாவில் சணல் விதைப் பயிரையும் அதன் துருவையும் ஆராய்ந்த ஹரல்ட் ஃபுளோர் இதன் சூத்திரத்தைக் கண்டார். செடியிலுள்ள ஒவ்வொரு எதிர்ப்புப் பரம்பரையலகுக்கும் நேரெதிரே பங்கசில் ஒரு பரம்பரையலகு உண்டு என்பதே அது. செடி பூட்டைப் போடுகிறது. பங்கசில் ஒரேயொரு மாற்றம் நிகழ்ந்தால் சாவி தயார். ஒற்றைப் பூட்டு எவ்வளவு வலுவானதாயினும் ஒரேயொரு சாவியின் தூரத்திலேயே உள்ளது. இதனை அறிந்திருந்தும் உலகம் ஒற்றைப் பூட்டுகளையே மீண்டும் மீண்டும் தேடிச் சென்றது என்பதுதான் இவ்வரலாற்றின் வேதனையான பகுதி.

எஸ்.ஆர். 31 அத்தகையதொரு பூட்டு. அது கோதுமையின் சொந்தச் சொத்தன்று. றை என்ற மற்றொரு தானியத்தின் நிறமூர்த்தத் துண்டொன்று கோதுமையின் நிறமூர்த்தத்துடன் ஒட்டிக்கொண்டதால் கிடைத்தது. அதே துண்டில் இலைத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் ஆகியவற்றுக்கான எதிர்ப்பும் இருந்தது. விளைச்சலும் கூடியது. இதைவிட வேறென்ன வேண்டும்? சோவியத் ஒன்றியத்தின் கவ்காஸ் இனத்திலிருந்து மெக்சிக்கோவிலுள்ள சர்வதேசச் சோளம், கோதுமை மேம்பாட்டு நிலையத்துக்குச் சென்ற அத்துண்டு, அங்கிருந்து உலகெங்கும் பரவியது. 1990களின் நடுப்பகுதியில் இந்தியப் பஞ்சாப்பில் வெளியிடப்பட்டு வடமேற்குச் சமவெளியில் பல இலட்சம் ஹெக்டேரை ஆக்கிரமித்த பி.பி.டபிள்யூ. 343 என்ற இனத்திலும் அதுவே இருந்தது. இத்துண்டைக் கொண்ட மாவு சில வேளைகளில் பிசுபிசுப்பாகிவிடுகிறது என்று பேக்கரிக்காரர்கள் முறையிட்டது மட்டுமே அதன்மீது வைக்கப்பட்ட பெரிய குற்றச்சாட்டு.

பசுமைப் புரட்சியின் தந்தை எனப்படும் நோர்மன் போர்லோக், ஸ்டாக்மனின் மாணவர். யூஜி 99 கென்யாவிலும் பரவியதும், 2005 இல், தமது 91 ஆவது வயதில், நைரோபியில் கூடிய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து அபாயச் சங்கை ஊதினார். 2006 இல் அது செங்கடலைத் தாண்டி யேமனிலும், 2007 இல் ஈரானிலும் காணப்பட்டது. அதற்கிடையில் கென்யாவில் எஸ்.ஆர். 24 என்ற அடுத்த பூட்டையும் அதன் வழித்தோன்றலொன்று உடைத்திருந்தது.

காற்றில் செல்லும் பகைவனின் பாதையைத் தென்னாசியாவில் வரைந்தவர் ஆக்ராவைச் சேர்ந்த கரம் சந்த் மேத்தா. சமவெளியின் கோடை வெப்பத்தில் துரு மடிந்துவிடுகிறது. மலைகளிலேயே உயிர்வாழ்ந்து ஆண்டுதோறும் மீண்டும் இறங்குகிறது என்று 1950க்கு முன்பே அவர் நிறுவினார். தென்னகத்தில் அந்த மலைகள் நீலகிரியும் பழனியும். வங்காள விரிகுடாவின் புயல்கள் நீலகிரியிலிருந்து வித்திகளை மத்திய இந்தியாவுக்குச் சுமந்து செல்வதை 1970களில் எஸ். நாகராஜனும் சக ஆய்வாளர்களும் விளக்கினர். குன்னூருக்கு அருகே வெலிங்டனில், அதிகம் கோதுமை விளையாத தமிழ்நாட்டில், கோதுமைக்கென இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவகத்தின் நிலையம் ஒன்று இருப்பதன் இரகசியம் இதுவே.

சரி, ஒற்றைப் பூட்டு போதாதென்றால் ஒரே கதவில் மூன்று நான்கு பூட்டுகளைப் போடலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். போடலாம். போட்டோமா என்று அறிவதில்தான் சிக்கல். வலுவான ஒரு பரம்பரையலகு உள்ள செடிக்குத் துருவைத் தூவினால் நோய் வராது. இரண்டு உள்ள செடிக்கும் வராது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முதலாவது பூட்டு உடையும்வரை இரண்டாவது இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. உடைந்த பின்னர் தெரிந்து பயனில்லை. இங்குதான் அடையாளக் குறிகள் கைகொடுக்கின்றன.

அக்குறிகள் சில, இரசாயனம் வருமுன்னரே வயலில் இருந்தன. அமெரிக்காவின் எட்கர் மக்ஃபடன், யரோஸ்லாவ் என்ற எம்மர் கோதுமையின் எதிர்ப்பைச் சாதாரணக் கோதுமைக்குக் கொண்டுவந்து 'ஹோப்' என்ற இனத்தை உருவாக்கினார். இப்பெயருக்கு 'நம்பிக்கை' என்று பொருள். அதிலிருந்த எஸ்.ஆர். 2 நோயை முற்றாகத் தடுப்பதில்லை, மெதுவாக்குகிறது. அதைத் தாங்கிய செடிகளின் கதிரிலும் கணுக்களின் கீழும் ஒரு கருமை படர்வதுண்டு. அக்கருமையைப் பார்த்தே செடிகளைத் தெரிவுசெய்தனர். எல்.ஆர். 34 என்ற மற்றொன்று இலை நுனியைக் கருகச் செய்து தன்னைக் காட்டிக் கொடுத்தது. ஆனால் இக்குறிகள் காலநிலைக்கேற்ப மாறுபவை. ஓரிடத்தில் பளிச்செனத் தெரியும் கருமை இன்னோரிடத்தில் தெரியாமலே போகும்.

டி.என்.ஏ. குறிகளுக்குக் காலநிலை ஒரு பொருட்டல்ல. எதிர்ப்புள்ளதையும் இல்லாததையும் கலந்து பிறந்த நூற்றுக்கணக்கான பிள்ளைச் செடிகளில், எந்த டி.என்.ஏ. அடையாளம் எப்போதும் எதிர்ப்பாற்றலுடன் சேர்ந்தே வருகிறது என்று பார்க்கின்றனர். இடம்பெயர்ந்து முகாமுக்கு வரும் மக்களுள் அயல்வீட்டார் சேர்ந்தே வருவது போல, நிறமூர்த்தத்தில் அருகருகே இருப்பவை அடுத்த சந்ததிக்கும் சேர்ந்தே செல்கின்றன. பிரிவது அரிதெனில் தூரம் குறைவு. நூற்றில் ஒரு முறை பிரிந்தால் அத்தூரம் ஓர் அலகு. இப்படி அளந்தளந்து வரைவதே வரைபடம். பின்னர் நோயைத் தூவ வேண்டியதில்லை. நாற்றின் இலைத்துண்டு ஒன்று போதும்.

கோதுமையில் இதனைச் செய்வது இமாலயப் பணி. மூன்று மூதாதையரின் தொகுதிகளைத் தாங்கிய 42 நிறமூர்த்தங்கள். மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு நீளமான டி.என்.ஏ., அதிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள். மிசூரியில் ஏர்னஸ்ட் சியர்ஸ் என்பவர் 'சைனீஸ் ஸ்பிரிங்' என்ற இனத்தில் ஒவ்வொரு நிறமூர்த்தமாக நீக்கிய செடிகளைப் பல்லாண்டு உழைத்து உருவாக்கி, எந்தப் பண்பு எந்த நிறமூர்த்தத்தில் உள்ளது என்று அறிய வழிகாட்டினார். 1998 இல், உகண்டாவில் அக்கொப்புளங்கள் காணப்பட்ட அதே ஆண்டில், ஜேர்மனியில் மரியன் ரோடரும் சகாக்களும் 279 நுண் அடையாளங்களைக் கொண்ட வரைபடத்தை வெளியிட்டனர். 2003 இல் எஸ்.ஆர். 2 க்கான குறிகளை அவுஸ்திரேலியர் தந்தனர். 2009 இல் எல்.ஆர். 34 எதுவென்று துல்லியமாகக் கண்டறியப்பட்டது. போர்லோக் காலமானதும் அவ்வாண்டில்தான். சைனீஸ் ஸ்பிரிங்கின் முழுமையான டி.என்.ஏ. வரிசை 2018 இல் வெளியாகியது.

நான் அறிந்தவரை பத்திரிகைகளில் பெருந்தலைப்புப் பெறுவது 'அதிசய விதை'யே. அரைகுறையாகத் தடுக்கும் எஸ்.ஆர். 2 க்கும் எல்.ஆர். 34 க்கும் யாரும் தலைப்பிட்டதில்லை. எனினும் நீண்டகாலம் நின்றவை அவையே. எல்.ஆர். 34 அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் உடையவில்லை.

ஆனால் அறிந்தது வேறு, செய்தது வேறு. யூஜி 99 ஐத் தாங்கும் என்று எத்தியோப்பியாவில் பரப்பப்பட்ட டிகலு என்ற இனம், 2013 ஆம் ஆண்டுப் பருவத்தில் யூஜி 99 இன் குலத்தைச் சேராத மற்றொரு துருவகையால் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் அழிந்தது. அந்த விவசாயிகள் பழைய விதையைக் கைவிட்டுப் புதியதை நம்பியவர்கள்.

2021 இல், ஐந்து பரம்பரையலகுகளை ஒரே தொடராகக் கோத்துக் கோதுமையில் ஒரே இடத்தில் செலுத்தி, அவை பிரியாமல் சந்ததிக்குச் செல்லும்படி செய்திருப்பதாகவும், கள ஆய்வில் அது துருவை நன்கு எதிர்த்ததாகவும் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஐந்து பூட்டுக்கும் ஒரே வேளையில் சாவி செய்வது பங்கசுக்கு எளிதன்று. ஆனால் அது பரம்பரையலகு மாற்றம் செய்யப்பட்ட பயிர் என்பதால் சட்டமும் சந்தையும் குறுக்கே நிற்கின்றன. இதற்கிடையில் அவ்வைந்தில் ஏதேனும் ஒன்றைத் தனித்து ஓர் இனத்தில் வைத்து எங்கேனும் பயிரிட்டால், மற்ற நான்கின் காவலும் அந்த அளவுக்குப் பலவீனமாகும்.

2016 பெப்ரவரியில், தென்னமெரிக்காவுக்கு வெளியே அதுவரை காணப்படாத கோதுமை வெடிப்பு நோய் வங்காளதேசத்தில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேரைத் தாக்கியது. இது துருவல்ல, வேறொரு பங்கசு. மறு ஆண்டே அங்கு 'பாரி கம் 33' என்ற எதிர்ப்பினம் வெளியிடப்பட்டது. அதன் காவல் காட்டுப் புல்லொன்றிலிருந்து வந்த '2 என்.எஸ்.' என்ற நிறமூர்த்தத் துண்டு. உலகில் இந்நோய்க்கு எதிராக நம்பப்படும் பிரதான அரணும் அவ்வொரு துண்டே. அதையும் மீறும் பங்கசு வகைகள் தென்னமெரிக்காவில் ஏற்கனவே பதிவாகிவிட்டன.