மேரியன் தீவுக்குப் போன ஐந்து பூனைகள்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவில், இந்துமாக்கடலின் தென்பகுதியில், மேரியன் என்றொரு தீவு உள்ளது. எரிமலைக் குழம்பால் உருவான தீவு. பரப்பு சுமார் 290 சதுர கிலோமீட்டர். மரமே கிடையாது, ஓயாத காற்றும் மழையும்தான். நிலத்தில் வாழும் பாலூட்டி விலங்கு எதுவும் அங்கு இயற்கையாக இருந்ததில்லை. ஆகவே பெட்ரல் என்னும் கடற்பறவைகள் இலட்சக்கணக்கில் வந்து, மண்ணில் வளை தோண்டி, அச்சமின்றி முட்டையிட்டு வந்தன.

19ஆம் நூற்றாண்டில் சீல் வேட்டைக்காரர்களின் கப்பல்களோடு சுண்டெலிகள் தீவில் இறங்கிவிட்டன. 1947ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்கா இத்தீவைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, ஒரு வானிலை நிலையத்தை நிறுவியது. நிலையத்தில் எலித்தொல்லை. வீட்டில் எலி மிகுந்தால் நாம் என்ன செய்வோமோ அதையே அவர்களும் செய்தார்கள். 1949இல் ஐந்து பூனைகள் தீவுக்குப் போயின.

1977இல் அங்கிருந்த பூனைகளின் எண்ணிக்கை சுமார் 3,400!

மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐந்தை இரட்டித்துக்கொண்டே போங்கள்: 10, 20, 40, 80, 160, 320, 640, 1,280, 2,560, 5,120. ஒன்பதாவது இரட்டிப்புக்கும் பத்தாவதற்கும் இடையே 3,400 வந்துவிடுகிறது. 28 ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்பதரை இரட்டிப்பு என்றால், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பூனைகள் இருமடங்காகியிருக்கின்றன. கூட்டுவட்டிக்குக் கடன் வாங்கியவருக்கு இந்த வளர்ச்சியின் குணம் தெரிந்திருக்கும்.

உண்மையில் இது மெதுவான வளர்ச்சிதான். ஒரு ஜோடிப் பூனை ஏழு ஆண்டில் நான்கு இலட்சம் பூனைகளாகும் என்று சில விளம்பரங்களில் எழுதுகிறார்கள். பிறக்கும் குட்டிகள் யாவும் பிழைத்து, அவை யாவும் குட்டி போட்டால் மட்டுமே அக்கணக்கு சரியாகும். அப்படி எங்கும் நடப்பதில்லை. அந்தக் கற்பனை எண்ணுக்கும் நாம் காணும் எண்ணுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டல்லவா? பசியிலும் குளிரிலும் நோயிலும் மாண்டுபோன குட்டிகளும் அந்த வேறுபாட்டுக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

பூனை இவ்வளவு விரைவில் பெருகுவதேன்? பெட்டைப் பூனை ஐந்து, ஆறு மாதத்திலேயே பருவமடைந்துவிடும். கடுவனோடு சேர்ந்த பிறகுதான் அதன் சினைப்பையிலிருந்து முட்டைகள் வெளிப்படுகின்றன. ஆதலால் சேர்க்கை வீணாவது குறைவு. சுமார் 65 நாளில் மூன்று, நான்கு குட்டிகள். அவை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மீண்டும் சினையாகலாம். இதில் ஒளிக்கும் பங்குண்டு. பகல் நீளும்போது மூளையிலுள்ள பீனியல் சுரப்பி குறைவான மெலட்டோனினைச் சுரக்கிறது. பூனைக்கு இனப்பெருக்கக் காலம் தொடங்குகிறது. மேரியன் தீவில் கோடைப்பகல் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல். குளிர்காலப் பகலோ மிகக் குறுகியது. எனவே அங்கே ஆண்டில் சில மாதங்கள்தான் குட்டி போடும் காலம். பகலின் நீளம் அதிகம் மாறாத நம் ஊரில் பூனைக்கு ஆண்டு முழுவதுமே காலம்தான்.

1975இல் மேரியன் பூனைகள் ஓராண்டில் சுமார் 4,50,000 பெட்ரல்களைத் தின்றதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். ஒரு வகைப் பெட்ரல் அத்தீவிலிருந்தே மறைந்துவிட்டது. பூனையைக் குறைசொல்லிப் பயனில்லை. கிடைத்ததை அது தின்றது.

1977இல் பூனைகளின் வெள்ளணுக்களைக் குறைத்துக் கொல்லும் பான்லூக்கோபீனியா என்னும் வைரஸ் நோயை வேண்டுமென்றே தீவில் பரப்பினார்கள். இளங்குட்டிகளை மிகக் கடுமையாகத் தாக்கும் நோய் அது. 1982இல் 615 பூனைகள் எஞ்சின. கதிரியக்கப் பாடத்தில் வரும் அரை ஆயுளைப்போலக் கணக்கிட்டால், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணிக்கை பாதியாகியிருக்கிறது. ஆனால் கதிரியக்க அணுவுக்கு எதிர்ப்பாற்றல் வராது, பூனைக்கு வரும். பிழைத்தவை நோயைத் தாங்கப் பழகின, வீழ்ச்சி தளர்ந்தது. 1986 முதல் இரவில் விளக்கடித்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். இறுதியில் கண்ணியும் நஞ்சும் வைத்தார்கள். 1991இல் கடைசிப் பூனையும் ஒழிந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. சுண்டெலிகள் அப்படியே இருந்தன. 2003 முதல் அவை ஆல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்பது தெரியவந்தது. 2023இல் வளர்ந்த ஆல்பட்ராஸ் பறவைகளையே கொன்றிருப்பதைக் கண்டனர். தீவு முழுவதும் எலிநஞ்சு தூவ இப்போது திட்டமிட்டு வருகிறார்கள்.

1949இல் அந்தப் பூனைகளுக்குக் கருத்தடை அறுவை செய்து அனுப்பியிருந்தால்? ஈதர் மயக்கம் 1846இலும், லிஸ்டரின் கிருமிநீக்க முறை 1867இலும் உலகுக்கு அறிமுகமானவை. கடுவனுக்கு விதைகளை நீக்குவது சில நிமிட வேலை. பெட்டைக்கு வயிற்றைத் திறந்து சினைப்பைகளையும், பெரும்பாலும் கருப்பையையும் அகற்றுவார்கள். சில நாளில் தேறிவிடும். வேட்டையாடும் குணம் இதனால் போய்விடாது. ஆகவே நிலையத்தின் எலிகளுக்கு நிம்மதி கிடைத்திருக்காது. ஐந்து அறுவைகள், அவ்வளவே. எண்ணிக்கை ஆயிரங்களான பிறகு இந்த வழியும் அடைபட்டுப்போகிறது. விட்டுப்போன சில ஜோடிகளே மறுபடி இரட்டிப்பைத் தொடங்கிவிடும்.

கொல்லுவதற்குப் பதில் கருத்தடை என்ற கருத்து சென்னைக்குப் பழையது. 1959இல் இங்கே தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, 1964இலேயே தெருநாய்களுக்கு அதைத் தொடங்கியது. பூனைகள் விஷயத்தில் நமக்கு அக்கறை இன்னும் வரவில்லை என்றே சொல்லவேண்டும். குட்டி போட்டதும் சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டுவருவதை வெகுசாதாரணமாகச் செய்கிறோம்.

விடுதிச் சமையற்கட்டின் பின்னால் தாயில்லாத குட்டிகளைக் கண்டெடுத்து, பாலாடையும் கையுமாக மாணவர்கள் வருவதுண்டு. முதலில் வேண்டியது பாலன்று, வெப்பம். பிறந்த குட்டியின் எடை சுமார் 100 கிராம். உருவம் சிறுக்கச் சிறுக்கக் கன அளவை நோக்க மேற்பரப்பு கூடுவதால், அது வெகுவேகமாக வெப்பத்தை இழக்கும். முதல் வாரங்களில் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளவும் அதற்கு இயலாது. குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியால் சூடேற்றிய பின்பே ஊட்டவேண்டும். பசும்பாலில் அதற்குப் போதிய புரதமும் கொழுப்பும் இல்லை, பெரும்பாலும் கழிச்சலாகும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு நல்லது. மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்தே ஊட்டுங்கள். ஊட்டியபின் ஈரப் பஞ்சால் அடிப்புறத்தை மெல்லத் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். தாய் நாக்கால் நக்குவது இதற்காகத்தான். ஏழு முதல் பத்து நாளில் கண் திறக்கும். நான்காம் மாதம் முடிந்ததும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று அறுவைக்கு நாள் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதத்தைத் தாண்டவிட வேண்டாம்.