தனிக்கணினி விற்பனை மதிப்பீடு (தமிழ்நாடு)

ஒரு கணினி வரிசை சந்தையில் எப்படிப் போகிறது என்பதை இரண்டு கணக்குகளால் அளக்கலாம். கிடங்கிலிருந்து விநியோகஸ்தருக்கும் மொத்தமாக வாங்குவோருக்கும் அனுப்பிய எண்ணிக்கை ஒன்று. கடையில் பில் போட்டு வாடிக்கையாளர் எடுத்துச் சென்றது மற்றொன்று. ஐடிசி போன்ற ஆய்வு நிறுவனங்கள் காலாண்டுதோறும் வெளியிடும் சந்தைப் பங்கு முதல் வகையைச் சேர்ந்தது.

அதை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் டெண்டர் விட்டு லட்சக்கணக்கில் வாங்கியது. 2019 இரண்டாம் காலாண்டில் இந்தியாவுக்கு வந்த கணினிகள் சுமார் 34 லட்சம். முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட ஏறத்தாழ 49 சதவீதம் அதிகம். எல்காட் ஆர்டரை நிறைவேற்றிய லெனோவா முதலிடம் பிடித்தது. கடைகளில் அப்படியொன்றும் கூட்டம் அலைமோதவில்லை.

ஆகவே இத்தகைய ஆர்டரைத் தனியே கழித்துப் பார்ப்பது வழக்கம். கழிக்காவிட்டால், மறு ஆண்டு அதே காலாண்டில் அந்த வரிசை படுத்துவிட்டதாகத் தோன்றும். எண்ணிக்கை மட்டும் போதாது: டெண்டர் விலையில் லாபம் மெலிது, உத்தரவாதக் காலப் பழுதுச் செலவோ ஊர் ஊராகப் பரவியது. உத்திரமேரூர் வட்டாரத்து மானாம்பதி போன்ற ஊர்களில் மூடியில் அரசுச் சின்னம் பதித்த மடிக்கணினி ஷோரூம் வழியாக வரவில்லை, பள்ளிக்கூடம் வழியாகவே வந்தது. அதைப் பெற்ற மாணவர் அடுத்த கணினியைத் தம் காசில் எந்தப் பெயரில் வாங்கினார் என்பது காலாண்டுக் கணக்கில் இருக்காது.