தைராய்டு சுரப்பி

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் இருபுறமும் இரு மடல்களாகப் படிந்திருக்கும் நாளமில்லாச் சுரப்பி. பெரியவர்களுக்கு 15 முதல் 25 கிராம் எடை இருக்கும். இது சுரக்கும் தைராக்சின் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது. இதயத் துடிப்பு, உடல் வெப்பம், செரிமானம், மாதவிடாய், குழந்தையின் மூளை வளர்ச்சி எல்லாம் அதன் அளவைப் பொறுத்தவை.

தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. திசுக்களில் அவற்றில் ஒன்று நீங்கியதும் அது ட்ரை-அயோடோதைரோனின் ஆகிறது. செல்களுக்குள் பெரும்பாலும் வேலை செய்வது இதுதான். அயோடினை உடலால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் உணவிலிருந்து வந்தாக வேண்டும்.

எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைத் தைராய்டு தானாக முடிவு செய்வதில்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனால் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி டிஎஸ்எச் என்ற ஹார்மோனால் தைராய்டைத் தூண்டுகிறது. தைராக்சின் போதிய அளவு சேர்ந்ததும் அதுவே மேலுள்ள இரண்டையும் அடக்குகிறது. குறைந்தால் அடக்கம் விலகி டிஎஸ்எச் ஏறுகிறது. இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் அதிகம் என்று வந்தால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் உண்மை நேர்மாறு: தைராய்டு சோர்ந்திருப்பதால்தான் பிட்யூட்டரி விடாமல் தூண்டுகிறது.

முன்கழுத்துக் கழலையின் காரணமும் இதில்தான் இருக்கிறது. அயோடின் இல்லாமல் தைராக்சின் உருவாகாது. ஆனாலும் டிஎஸ்எச்சின் தூண்டல் நிற்காது. அந்தத் தூண்டலுக்கு இணங்கிச் சுரப்பி பெருத்துக்கொண்டே போகிறது. ஆகவே இவ்வகைக் கழலையைச் சுரப்பியின் கோளாறு என்பது பொருந்தாது. குறை உணவிலும் மண்ணிலும் இருக்கிறது. மழையும் பனியாறுகளும் மண்ணின் அயோடினை அரித்துச் சென்ற மலைநாடுகளில் இந்நோய் தலைமுறை தலைமுறையாக நீடித்தது. சுவிட்சர்லாந்து 1922இல் அயோடின் கலந்த உப்பை அறிமுகப்படுத்தியது. இமாலய அடிவாரத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஆய்வைத் தொடங்கினர். சில பகுதிகளுக்கு அயோடின் உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கினர். அயோடின் கிடைத்த இடங்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. இந்தியாவின் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1962இல் பிறந்தது. இத்தனை மலிவான பொருளால் இத்தனை பேருக்கு நன்மை விளைந்த மருத்துவ முயற்சிகள் மிகச் சில.

சுரப்பியை இழந்தால் என்னவாகும் என்பதை முதலில் காட்டியவர்கள் அறுவை மருத்துவர்கள். சுவிட்சர்லாந்தின் தியோடர் கோகர், கழலைக்காகத் தைராய்டு முழுவதும் நீக்கப்பட்டவர்கள் பின்னாளில் முகம் வீங்கி, மந்தமாகிப் போனதை 1883இல் வெளிப்படையாக அறிவித்தார். அதன்பின் முழு நீக்கத்தைத் தவிர்த்தார். 1909இல் நோபல் பரிசு பெற்றார். இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே 1891இல் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழி செலுத்தி ஒரு பெண்ணைத் தேற்றினார். அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். எட்வர்ட் கெண்டல் 1914இல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார்.

இன்று அதே ஹார்மோன் மாத்திரையாகக் கிடைக்கிறது. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால், அளவை மாற்றினால் ஆறு வாரம் பொறுத்துத்தான் மறுபரிசோதனை செய்வார்கள். பச்சிளங்குழந்தையிடம் அந்தப் பொறுமை கூடாது. பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தை பெரும்பாலும் பார்வைக்கு நலமாகவே இருக்கும். குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தம்தான் குறையைக் காட்டிக்கொடுக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை இயல்பாக வளரும்; மாதக்கணக்கில் தாமதித்தால் அறிவு வளர்ச்சியில் ஏற்படும் இழப்பைப் பின்னர் எந்த மருந்தாலும் முழுமையாக ஈடுகட்ட முடியாது.