மணலில் தொடங்கிய எழுத்து: சித்தூர்ப் பகுதியின் திண்ணைப் பள்ளிகள்

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, பள்ளிகள் எத்தனை, படிப்போர் எத்தனை பேர் என மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டத்தின் கணக்கில் பள்ளிகள் 630. இவ்வெண்ணை நாம் ஓயாமல் மேற்கோள் காட்டுகிறோம். அங்கே ஐந்து வயதுக் குழந்தை எழுத்தை எவ்வாறு கற்றது என்று கேட்பவர் குறைவு.

விரலே முதல் எழுதுகோல். பரப்பிய மணலில் எழுத்தை வரைந்துகொண்டே அதன் ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். ஓலையும் எழுத்தாணியும் பின்னரே. அக்கால இங்கிலாந்தில் வாசிப்பு முதலில், எழுத்து வெகு பின்னர். இங்கே இரண்டும் ஒரே செயல். எழும்பூர் ஆதரவற்றோர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதப் பழக்குவதையும் மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிப்பதையும் அங்கே கையாண்டு, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' எனப் புகழ்பெற்றது. நம் சட்டாம்பிள்ளைக்கு அப்புகழில் பங்கில்லை.

தெலுங்குக் குழந்தை 'ஓனமாலு'வில் தொடங்கியது. தமிழ்க் குழந்தை அரிச்சுவடியில். வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. தமிழில் ககரம் ஒன்றே. 'கல்', 'தங்கம்', 'அகம்' என இடம் நோக்கி ஒலி மாறும். தெலுங்கில் அவ்விடத்தில் நான்கு எழுத்துகள். அவற்றுள் இரண்டின் மூச்சொலி தமிழ்ப் பேச்சில் இல்லை.

1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரியும் குப்பமும் ஆந்திரத்திலேயே நின்றன. அங்கே வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கில் எழுத்தறியத் தொடங்கும் குழந்தை இந்நான்கையும் மாற்றி எழுதினால் அது கவனக்குறைவு அன்று. தன் தாய்மொழியின் ஒலியமைப்பைத் துல்லியமாகப் பின்பற்றியே அக்குழந்தை எழுதுகிறது.