ரேவ் வால்வு

ரேவ் வால்வு என்பது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் இருவீச்சு (டூ ஸ்ட்ரோக்) இயந்திரங்களில், சிலிண்டரின் வெளியேற்றத் துளையின் உயரத்தை இயந்திர வேகத்துக்கு ஏற்ப மாற்றும் நகரும் தகடு ஆகும். "ரோட்டாக்ஸ் அட்ஜஸ்டபிள் வேரியபிள் எக்சாஸ்ட்" என்ற பெயரின் சுருக்கமே ரேவ். சீ-டூ வகைத் தனிநபர் நீர்க்கலங்கள் (பொதுவழக்கில் ஜெட் ஸ்கீ), பனி ஊர்திகள், உந்துருளிகள் ஆகியவற்றில் இது பயன்படுத்தப்பட்டுள்ளது. இவ்வால்வில் கரி படிந்து சிக்கிக்கொள்வது பழைய இருவீச்சு நீர்க்கலங்களில் அடிக்கடி காணப்படும் கோளாறு. இதன் அறிகுறிகள் கார்புரேட்டர் கோளாற்றை ஒத்திருப்பதால், காரணத்தைத் தவறாகக் கணித்து இயந்திரத்துக்கே கேடு விளைவிக்கும் வாய்ப்பு உண்டு.

தேவை

நால்வீச்சு இயந்திரத்தில் புகை வெளியேறும் வழியை வால்வுகள் திறந்து மூடுகின்றன. இருவீச்சு இயந்திரத்தில் அத்தகைய வால்வுகள் பொதுவாக இல்லை. சிலிண்டரின் பக்கச் சுவரில் உள்ள துளையை, மேலும் கீழும் செல்லும் பிஸ்டனே மூடித் திறக்கின்றது. ஆகவே துளையின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அதைப் பொறுத்தே புகை வெளியேறத் தொடங்கும் நேரம் அமைகின்றது.

நிமிடத்துக்கு 7,000 சுழற்சிகள் என்ற வேகத்தில் ஒரு சுழற்சிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 8.6 மில்லிவினாடி மட்டுமே. இக்குறுகிய நேரத்தில் புகை முழுதும் வெளியேறத் துளை உயரமாக இருத்தல் வேண்டும். குறைந்த வேகத்திலோ அதே உயரம் குறையாகி விடுகின்றது. விரிவடையும் வளிமம் பிஸ்டனைத் தள்ளி முடிக்கும் முன்பே துளை திறந்துகொள்வதால் முறுக்குவிசை வீணாகின்றது. புதிய எரிபொருட் கலவையின் ஒரு பகுதியும் எரியாமல் வெளியேறுகின்றது. துளையின் மேற்பகுதியைக் குறைந்த வேகத்தில் மறைத்தும் உயர் வேகத்தில் விடுவித்தும் இம்முரண்பாட்டைத் தீர்ப்பதே வெளியேற்ற வால்வின் பணி.

வரலாறு

1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் வால்டர் காடென், புகைக்குழாயில் எழும் அழுத்த அலைகளைப் பயன்படுத்தி இருவீச்சு இயந்திரங்களின் திறனைப் பெரிதும் உயர்த்தினார். ஆயினும் அலைகளின் பயன் ஒரு குறுகிய வேக எல்லைக்குள் மட்டுமே கிடைத்தது. இவ்வெல்லையை விரிவாக்கும் முயற்சியாக, யமஹா நிறுவனம் 1970களின் இறுதியில் தன் பந்தய உந்துருளிகளில் வெளியேற்ற வால்வைப் பொருத்தியது. பிற நிறுவனங்களும் தத்தம் அமைப்புகளை உருவாக்கின. யமஹாவின் அமைப்பு ஒய்பிவிஎஸ் என்றும், கவாசாகியினுடையது கிப்ஸ் என்றும், சுசுகியினுடையது ஏஇடிசி என்றும் அழைக்கப்படுகின்றன.

நீர்க்கலங்களைப் பொறுத்தவரை, 1990களின் நடுப்பகுதியில் வந்த சீ-டூவின் 787 வகை இயந்திரமும், பின்னர் வந்த 951 வகை இயந்திரமும் ரேவ் வால்வைக் கொண்டவை. இரண்டுமே இரட்டைச் சிலிண்டர் இயந்திரங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு வால்வு உண்டு.

அமைப்பும் செயற்பாடும்

வால்வின் முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

- தகடு: வெளியேற்றத் துளைக்குள் இறங்கி அதன் மேற்பகுதியை மறைப்பது. இதன் முனை சிலிண்டர் சுவரின் வளைவுக்கு ஏற்ப வெட்டப்பட்டுள்ளது.
- தண்டு: தகட்டை மேலுள்ள சிறு பிஸ்டனுடன் இணைப்பது.
- இரப்பர் துருத்தி: அழுத்தத்தை ஏற்று வால்வை உயர்த்துவது. வளையக் கம்பிகளால் இறுக்கப்பட்டிருக்கும்.
- சுருள்வில்: வால்வை மூடிய நிலைக்குத் தள்ளுவது.
- மேல்மூடியும் திருகும்: சுருள்வில்லைப் பிடித்திருப்பவை. திருகைத் திருப்பி வில்லின் இறுக்கத்தை மாற்றலாம்.

787 இயந்திரத்தில் வால்வைத் திறப்பது புகையின் அழுத்தமே. வேகம் கூடக்கூட அழுத்தம் உயர்ந்து துருத்தியை மேலே தள்ள, தகடு பின்வாங்கித் துளையின் முழு உயரமும் விடுபடுகின்றது. 951 இயந்திரத்தில் கிரேங்க் அறையின் அழுத்தம் ஒரு சோலினாய்டு வழியாக அனுப்பப்படுகின்றது. எப்போது திறப்பது என்பதை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்கின்றது. யமஹா 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜிபி1200ஆர் நீர்க்கலத்தில் இதே பணியைச் சிறு மின்மோட்டாரும் கம்பிவடமும் செய்கின்றன.

கரி படிதல்

இருவீச்சு இயந்திரத்தில் மசகெண்ணெயும் எரிபொருளுடன் சேர்ந்தே எரிகின்றது. முழுமையாக எரியாத எண்ணெய் பிசின் போன்ற படலமாகவும் கடினமான கரியாகவும் வெளியேற்றத் துளையில் படிகின்றது. தகடு நகரும் ஒடுங்கிய பள்ளத்தில் இப்படிவு சேரும்போது முதலில் அசைவு தளர்கின்றது. பின்னர் வால்வு ஒரே நிலையில் நின்றுவிடுகின்றது. நெடுநேரம் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுதல், தேவைக்கு மிகுதியான எண்ணெய், பொருந்தாத எண்ணெய் ஆகியவை படிவை விரைவுபடுத்துகின்றன. டிசி-டபிள்யூ3 என்ற எண்ணெய்த் தரம் படகுகளின் வெளிப்பொருத்து இயந்திரங்களைக் கருதி வகுக்கப்பட்டது. ஆகவே "இருவீச்சு எண்ணெய்" என்ற பெயரை மட்டும் பார்க்காமல், இயந்திரத்தின் கையேடு குறிப்பிடும் தரத்தையே பயன்படுத்துதல் நன்று.

கோளாற்றின் அறிகுறிகள்

வால்வு எந்த நிலையில் சிக்கியுள்ளது என்பதை இயந்திரத்தின் போக்கைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம்.

- மூடிய நிலையில் சிக்கினால்: புறப்படும் வேகம் நன்றாக இருக்கும்; ஆனால் இயந்திரம் தன் உச்ச சுழற்சியை எட்டாது.
- திறந்த நிலையில் சிக்கினால்: உச்ச வேகம் வழக்கம்போல் இருக்கும், ஆனால் புறப்படும்போது இயந்திரம் திணறும்.
- ஒரு வால்வு மட்டும் சிக்கினால்: இரு சிலிண்டர்களும் சமமாக இயங்காமையால் ஓட்டம் சீரற்றிருக்கும்.
- துருத்தி கிழிந்தாலோ அதன் வளையக் கம்பி கழன்றாலோ: தகடு தூய்மையாக இருந்தும் வால்வு திறவாது. வால்வைச் சுற்றி எண்ணெய்க் கசிவு காணப்படும்.

உச்ச சுழற்சி குறைவதைக் கண்டவுடன் கார்புரேட்டரைத் திருத்த முனைவது தவறான அணுகுமுறை ஆகும். எரிபொருளைக் குறைத்துக் கலவையை மெலிதாக்கினால் எரிதலின் வெப்பம் உயர்கின்றது. குளிர்ச்சியும் மசகும் எரிபொருட் கலவையிலிருந்தே பெறும் இருவீச்சு இயந்திரத்தில் இதனால் பிஸ்டன் இறுகிப் பிடிக்கலாம்; அதன் தலை உருகித் துளைபடவும் கூடும். வால்வைக் கழற்றிப் பார்த்த பின்னரே கார்புரேட்டரைத் தொடுவது பாதுகாப்பானது.

தூய்மையாக்கும் முறை

கீழ்வருவது 787 வகைக்குரிய பொதுவான முறை. இறுக்க அளவுகளுக்கு அவ்வியந்திரத்தின் பணிமனைக் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

1. இயந்திரம் முற்றிலும் குளிர்ந்த பின் இருக்கையைத் திறந்து, கலத்தின் உட்புறத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவி வெளியேற விட வேண்டும். மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றி வைக்க வேண்டும்.
2. வால்வின் வெளிப்புறத்தைத் துடைத்தல் வேண்டும். இல்லையேல் அழுக்கும் மணலும் சிலிண்டருக்குள் விழும்.
3. மேல்மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி அதன் பிடிகம்பியை விடுவிக்க வேண்டும். உள்ளே சுருள்வில் அழுத்தப்பட்டிருப்பதால் மூடி தெறிக்கக் கூடும்.
4. சுருள்வில், துருத்தியின் வளையக் கம்பிகள், சிறு பிஸ்டன், துருத்தி ஆகியவற்றை வரிசையாக எடுக்க வேண்டும். சிறு பிஸ்டன் தண்டில் திருகி இணைக்கப்பட்டுள்ளது.
5. தகட்டின் மேற்புறத்தையும் அது எந்தச் சிலிண்டருக்குரியது என்பதையும் குறித்துக்கொண்டு, வால்வு உறையின் திருகுகளைக் கழற்றித் தகட்டுடன் வெளியே இழுக்க வேண்டும்.
6. உலோக உறுப்புகளை மண்ணெண்ணெயிலோ கரிநீக்கித் திரவத்திலோ ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்க்க வேண்டும். உளி, உப்புத்தாள் ஆகியவை தகட்டின் பரப்பைக் கீறிவிடும். கீறலில் கரி மேலும் எளிதாகப் படியும்.
7. இரப்பர் துருத்தியைக் கரைப்பானில் இடலாகாது. சோப்பு நீரில் கழுவி, ஒளிக்கு எதிரே விரித்துப் பிடித்து நுண்துளை உள்ளதா என்று பார்க்க வேண்டும்.
8. தகடு நகரும் பள்ளம், அழுத்தம் செல்லும் வழிகள், உறையின் வடிதுளை ஆகியவற்றைத் துடைக்க வேண்டும். அப்போது பிஸ்டன் வெளியேற்றத் துளையை மூடிய நிலையில் இருந்தால் கரித்துகள் சிலிண்டருக்குள் புகாது.
9. புதிய கேஸ்கட்டை இட்டு, குறித்த திசையிலேயே தகட்டைப் பொருத்த வேண்டும். துருத்தியைப் பூட்டும் முன் தண்டைக் கையால் நகர்த்திப் பார்க்கையில் அது தடையின்றிச் சென்று வர வேண்டும்.
10. மேல்மூடியின் திருகைக் கையேடு கூறும் நிலையில் வைக்க வேண்டும்.

951 இயந்திரத்தில் இவற்றுடன் அழுத்தக் குழாய்களையும் சோலினாய்டையும் சோதித்தல் வேண்டும். குழாயில் வெடிப்பு இருப்பின் எவ்வளவு தூய்மையான வால்வும் திறவாது.

பயனர் வழக்கில், ஓட்டும் பருவம் முடிந்து கலத்தைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கி வைக்கும் முன் ஆண்டுக்கு ஒருமுறை இப்பணி செய்யப்படுகின்றது. நெடுநாள் நிறுத்தி வைக்கும்போது படலம் இறுகிக் கெட்டியாவதே இதற்குக் காரணம்.

கவனிக்க வேண்டியவை

தகட்டைத் தலைகீழாகப் பொருத்தினால் அதன் முனை பிஸ்டன் செல்லும் பாதைக்குள் நீட்டிக்கொள்ளலாம். அவ்வாறு பிஸ்டனோ அதன் வளையமோ தகட்டில் மோதினால் சிலிண்டர் சில நொடிகளில் பாழாகும். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் பொருத்தும்போதும் இதே இடர் உண்டு. தகட்டின் முனைக்கும் பிஸ்டனுக்கும் இடையிலான வெளியை அளந்து, தேவையெனில் முனையைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். தேய்ந்து ஆடும் தகட்டையும் விளிம்பு உடைந்த தகட்டையும் மீண்டும் பயன்படுத்தலாகாது.

தற்போதைய நிலை

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் வகுத்த புகை விதிகளும், 1999 சூன் முதல் தாகோ ஏரியில் கார்புரேட்டர் வகை இருவீச்சு நீர்க்கலங்களுக்கு விதிக்கப்பட்ட தடையும் நீர்க்கலத் துறையை மாற்றின. 2002ஆம் ஆண்டு முதல் பெரிய நிறுவனங்களின் நால்வீச்சு நீர்க்கலங்கள் சந்தைக்கு வந்தன. சீ-டூ இருவீச்சு நீர்க்கலங்களின் தயாரிப்பு அப்பத்தாண்டிலேயே முடிவுற்றது. எனினும் பழைய கலங்கள் பல இன்றும் ஓடுகின்றன. ரோட்டாக்ஸின் இருவீச்சுப் பனி ஊர்தி இயந்திரங்களில் மின்னணு முறையில் இயங்கும் ரேவ் வால்வு தொடர்ந்து பயன்படுத்தப்படுகின்றது.