வீட்டிலேயே சீஸ் செய்ய ஆசையா? முதலில் பால் பாக்கெட்டைப் படிங்க

யூடியூப் வீடியோவைப் பார்த்து, ஆன்லைனில் ரெனெட் வாங்கி, 4 லிட்டர் பாலை அடுப்பில் வைக்கிறீர்கள். வீடியோவில் பால் அழகாகக் கட்டியாகிறது. உங்கள் பாத்திரத்தில் கூழ் மாதிரி நிற்கிறது. பெரும்பாலும் கோளாறு உங்கள் கையில் இல்லை, பாலில்தான்!

பால் எப்படி சீஸ் ஆகிறது?

பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசின். அதைத் திரள வைத்து, தண்ணீரைப் பிரித்தால் சீஸ். திரள வைக்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, புளிப்பு: சூடான பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் பனீர். இன்னொன்று, ரெனெட் என்ற நொதி: மொசரெல்லா, செடார் எல்லாம் இந்த வழிதான். நுண்ணுயிரிகளிலிருந்து எடுக்கும் சைவ ரெனெட்டும் கிடைக்கிறது.

எந்தப் பால் சரி?

பாஸ்டரைஸ் செய்த சாதாரண பாக்கெட் பால் போதும். ஃப்ரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும் யுஹெச்டி பால் வேண்டாம். சுமார் 135 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கும்போது மற்ற புரதங்கள் கேசினோடு ஒட்டிக்கொள்வதால், ரெனெட் போட்டாலும் சரியாக உறையாது.

கொழுப்பு அளவையும் பாருங்க. டோன்டு பாலில் 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டில் 4.5, ஃபுல் கிரீமில் 6. பனீருக்கு ஃபுல் கிரீம் நல்லது. மொசரெல்லாவுக்கு, ‘ஹோமோஜெனைஸ்டு’ என்று குறிப்பிடாத பாக்கெட் கிடைத்தால் எடுங்கள். கட்டி உறுதியாக வரும்.

கறந்த பாலை அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. புருசெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம். லிஸ்டீரியா தொற்று கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு வரை கொண்டுபோகும். கறந்த பால்தான் கிடைக்கிறது என்றால், 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, உடனே குளிரவையுங்கள். இதற்குச் சமையல் தெர்மாமீட்டர் அவசியம்.

எதில் தொடங்கலாம்?

பனீரில். 1 லிட்டர் பாலைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். இரண்டு நிமிடம் கழித்து, சுமார் 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பிரியும் தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்ததும் நிறுத்திவிடுங்க. துணியில் வடிகட்டி, குளிர்ந்த நீரில் அலசி, அரை மணி நேரம் கனம் வைத்தால் 200 கிராம் அளவுக்குப் பனீர். ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் சாப்பிட்டுவிடுங்கள். பிரிந்த தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையலாம்.

அடுத்த படி?

மொசரெல்லா. பாலில் சிட்ரிக் அமிலம் கலந்து, 32 டிகிரிக்குச் சூடாக்கி, ரெனெட் சேர்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் ரெனெட்டைக் கெடுக்கும். கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் கரையுங்கள். பாக்கெட் பாலில் கட்டி தளர்வாக வந்தால், உணவுத்தர கால்சியம் குளோரைடு சிறிது கைகொடுக்கும். வடித்த கட்டியை வெந்நீரில் இழுத்தால் ரப்பர் போல நீள வேண்டும். ஜம்முவின் கலாரி சீஸும் இப்படி இழுத்துச் செய்வதுதான்.

செடார் செய்யலாமா?

அவசரம் வேண்டாம். செடாரை மாதக்கணக்கில், சுமார் 10 முதல் 13 டிகிரியில், ஈரப்பதத்தோடு முதிர வைக்க வேண்டும். நம் ஊர் அறை வெப்பம் அதற்கு அதிகம். 4 டிகிரி ஃப்ரிட்ஜோ குளிரும் அதிகம், வறட்சியும் அதிகம். சீஸுக்குப் பெயர்போன காலிம்போங்கும் கொடைக்கானலும் மலை ஊர்கள் என்பதைக் கவனியுங்கள்.

காசு மிச்சமாகுமா?

4 லிட்டர் பாலுக்குச் சுமார் 400 கிராம் மொசரெல்லாதான் வரும். பால் விலையோடு கேஸ், ரெனெட், உங்கள் நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்க. பெரிய லாபம் இருக்காது. அதனால் முதல் தடவை 1 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த பிராண்டு, என்ன சூடு, எவ்வளவு நேரம் என்று எழுதி வையுங்கள். சரியாக உறையாவிட்டால், செய்முறையை மாற்றும் முன் பாலை மாற்றிப் பாருங்க.